அவன் நின்ற விதம்

பிளாஸ்டிக் சிப்பாய்கள் பெட்டி எதை வாங்கினாலும் உள்ளே ஓர் அதிகாரி விரலை நீட்டிக்கொண்டு வருவான். எந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் சரி, எந்த யுத்தமாக இருந்தாலும் சரி, ஒருத்தனாவது தூரத்தில் எதையோ சுட்டிக்காட்டியே ஆக வேண்டும் என்று எங்கேயோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போல. டெல்லி மயூர் விஹாரில் என் வீட்டுப் பால்கனி அலமாரியில் அப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் வாஷிங் மெஷினைக் காட்டுகிறான். இன்னொருத்தன் கொடியில் காயும் என் துப்பட்டாவைக் காட்டுகிறான். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்றவர்கள் பால்கனியில் மணி பிளான்ட் வளர்க்கிறார்கள், நான் விரல் உயர சிப்பாய்களைச் செய்து வைக்கிறேன். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒரு பொம்பளைக்கு ஏன் துப்பாக்கியும் டாங்கியும் என்று நேராகவே கேட்டவர்கள் உண்டு. கேட்காதவர்கள் எனக்கு 'பொம்மை மேடம்' என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேலையில் வண்ணம் பூசுவதுதான் பெரிய கலை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. போஸ்தான் எல்லாம். பெட்டிக்குள் கை, கால், உடம்பு, தலை எல்லாம் தனித்தனியாக வரும். அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து ஒட்டினால் அரைமணி நேரத்தில் ஒருவன் தயார். நான் அப்படி ஒட்டமாட்டேன். இடுப்பை அறுப்பேன், முழங்கையை அறுப்பேன், கழுத்தைத் திருப்புவேன், உள்ளே கம்பி வைத்து இடைவெளியைப் புட்டி என்ற களிமண் மாதிரிப் பசையால் அடைப்பேன். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். இவனுடைய பாரம் எந்தக் காலில் இருக்கிறது? மனிதர்கள் இரண்டு காலிலும் சமமாக நிற்பது அபூர்வம். பாரம் வலது காலில் என்றால் வலது இடுப்பு மேலே ஏறும், வலது தோள் கீழே இறங்கும். இது தெரியாமல் ஒட்டினால் அது சிப்பாய் அல்ல, கோட் ஸ்டாண்டு.

ஒவ்வொரு போஸையும் நானே முதலில் நின்று பார்ப்பேன். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் உடம்பில் ஒட்டாத போஸ் பொம்மையிலும் ஒட்டாது என்பது என் கட்சி. தெருவிலும் இதே வேலைதான். மெட்ரோ வாசலில் மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கும் காவலர்களின் முழங்கால்களை நான் அத்தனை நேரம் பார்ப்பேன். ஒருமுறை அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, "க்யா ஹுவா மேடம்ஜி, கோயி பரேஷானி?" என்று கேட்டேவிட்டார், ஏதாவது தொல்லையா என்று. ஒன்றுமில்லை அண்ணா, நீங்கள் எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்று பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

எனக்குக் கீழ் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கன்னியாகுமரி ஜில்லாக்காரர், தன்னைவிடச் சின்னவர்கள் யாராக இருந்தாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் நர்ஸ் வேலைக்கு டெல்லிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவிலேயே இருந்தவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், பட்டாளத்தில் சேர்ந்தான். அக்காவுக்கு அதில் விருப்பமே இல்லை. ஆனாலும் அவன் சீருடையில் எடுத்த முதல் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியதும் அவர்தான்.

லீவில் வந்தால் மாடியேறி என் அலமாரியைப் பார்க்க வருவான். தமிழ் அவனுக்கு அரைகுறை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. "ஆன்ட்டி, இவங்க எல்லாம் இத்னா டைட்டா ஏன் நிக்கிறாங்க? தக் ஜாயேங்கே" என்பான். சோர்ந்து போய்விடுவார்களாம். உண்மையான சிப்பாய் சும்மா நிற்கும் நேரம்தான் அதிகம், ஓடுவதும் சுடுவதும் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குச் சொன்னவன் அவன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்த்தது அவனை வைத்து மட்டும்தான்.

ஒரு மார்ச் மாதம் மலைப்பாதையில் அவன் போன வண்டி பள்ளத்தில் விழுந்தது. பனி உருகிப் பாதை சரிந்ததாம். பெட்டி டெல்லிக்கு வந்தது. திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவர் அக்கா. நான் நர்ஸ், எனக்குப் பயமில்லை என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. மூடிய பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு கல்லறை வரைக்கும் அப்படியே வண்டியில் உட்கார்ந்து வந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நான் ஆபீஸ் விட்டு வரும்போது கீழே மணியடித்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவேன். டீ போட்டுத் தருவார். சுவரில் அந்தப் போட்டோ இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி, குதிகால்களைச் சேர்த்து, முன்னால் வெறித்துப் பார்த்துக்கொண்டு, பெட்டியில் வரும் பொம்மையைப் போலவே நின்றுகொண்டிருப்பான். எங்கள் இருவருக்குமே அந்தப் போட்டோவைப் பிடிக்கவில்லை. இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர் படியேறி வந்ததே அதிசயம். நேராகப் பால்கனி அலமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"மக்களே, எனக்க பயல ஒண்ணு செஞ்சு தருவியா?"

செய்கிறேன் அக்கா என்றேன்.

"அந்த போட்டோல நிக்க மாதிரி வேண்டாம். அது யாரும் நிக்கலாம். அவன் நிக்கது மாதிரி செய்யி. பாத்த ஒடனே எனக்குத் தெரியணும், இது அவனாக்கும்னு."

முகம் பெரிய பிரச்சினை அல்ல என்று எனக்குத் தெரியும். விரல் உயரப் பொம்மையில் முகத்தை யார் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தெருக்கோடியில் ஒருவர் வரும்போது முகம் தெரிவதற்கு முன்பே அவர் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது இல்லையா, அதைத்தான் அக்கா கேட்டார். அவர் கேட்டது சரி. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. இதுவரை நான் செய்தவர்கள் யாருமே எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. ஐரோப்பாவில் என்றைக்கோ செத்துப்போன அந்நியர்கள். தப்பாக நிறுத்தினால் கேட்க ஆளில்லை. இவனைத் தப்பாக நிறுத்தினால் ஒரு தாய் இரண்டாவது தடவை மகனை இழப்பாள் என்று தோன்றியது.

வழக்கமான அளவில் செய்தால் அக்காவின் கண்ணுக்குத் தெரியாது என்று பெரிய அளவு ஒன்றை வரவழைத்தேன். இரண்டு பேரும் போஸ் தேட ஆரம்பித்தோம். போனில் இருந்த படங்களை எல்லாம் பார்த்தோம். வீடியோ காலில் பேசும்போது அக்கா எடுத்துவைத்த படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் கழுத்துக்கு மேலேதான். பின்னால் கொஞ்சம் தகரக் கூரை, கொஞ்சம் பனி. கால்கள் எங்கேயும் இல்லை. எனக்கு வேண்டியது கால்கள்.

"அக்கா, வீட்டுல எப்படி நிப்பான்? சும்மா இருக்கும்போது?"

அக்கா யோசித்தார். பிறகு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். நைட்டி மேல் துண்டைப் போட்டிருந்த அந்த அறுபது வயது மனுஷி நிலைப்படியில் வலது தோளைச் சாய்த்தார். வலது காலில் பாரத்தைப் போட்டு இடது காலை மடக்கி, பாதத்தை மற்றக் காலின் ஆடுசதையில் ஊன்றினார். இடது கையை டம்ளர் பிடிப்பதைப் போல் மடக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்தார்.

அவனேதான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்த வாசலில் அவன் நின்றான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் படம் எடுத்தேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில். முழங்கால் வலிக்கிறது, சீக்கிரம் எடு என்று அவர் அங்கிருந்தபடியே என்னைத் திட்டினார்.

"எடது கையா?" என்று கேட்டேன். லீவில் வந்தபோது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் கண்ணில் அது படவே இல்லை. கண்கொத்திப் பாம்பு என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

"எல்லாத்துக்கும் எடதுதான். சோத்துக்கு மட்டும் எப்பிடியோ மாத்தி எடுத்தேன். எத்தன அடி அடிச்சிருக்கேன் தெரியுமா?" என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். அந்த மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வேலை மாதக்கணக்கில் இழுத்தது. சனி ஞாயிறுகளில் மட்டும் உட்கார முடியும். பெட்டியில் வந்தவனின் இடுப்பை அறுத்து, கால்களைக் கம்பியில் நிறுத்தி, ஒரு கல் சுவரில் சாய்த்தேன். துப்பாக்கியை முதுகில் தொங்கவிட்டேன். இடது கையில் தகர டம்ளர். ஒவ்வொரு கட்டத்திலும் கீழே கொண்டுபோய்க் காட்டுவேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். சும்மா சொல்லக் கூடாது, என்னைப் போல் பொம்மை செய்கிறவர்களின் குழு ஒன்று உண்டு, அதில் மீசை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் இல்லாத கண் அவருக்கு. இடுப்பு இன்னும் கொஞ்சம் விழ வேண்டும் என்பார். தோள் இப்படித் தூக்காது என்பார். அறுத்து மறுபடி ஒட்டுவேன். ஒருநாள் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொம்மையை மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சமையலறைக்குப் போய் மூன்று டம்ளர் டீ கொண்டு வந்தார். கொண்டு வந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. மூன்றாவதை நானே குடித்தேன்.

எனக்குக் கர்வம் தலைக்கேறியது. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருவம் இதுதான், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் என்று நினைத்தேன். வண்ணம் பூசுவது மட்டும் பாக்கி.

குளிர்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்து, பொம்மையை எடுத்துக்கொண்டு கீழே வரச் சொன்னார். மகனோடு ஒரே பிரிவில் இருந்த பையன் ஒருவன் லீவில் ஊருக்குப் போகும் வழியில் வந்திருக்கிறான், சாயங்காலம் ரயில் என்றார். போனேன். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். பட்டாளத்துப் பிள்ளைகள் எழுந்தால் முழுசாகத்தான் எழுவார்கள்.

பொம்மையை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா கீதும்மா. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க" என்றான்.

எனக்குப் பொய்ப் பாராட்டு நன்றாகத் தெரியும். ஆபீசில் தினமும் கேட்கிறேன். இவன் கண் பொம்மையின் கையிலேயே நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் சுபாவம் அப்படி இல்லையே.

"என்னப்பா, எங்கயோ தப்பா இருக்கா? தயங்காம சொல்லு. இன்னும் பெயின்ட் அடிக்கல, மாத்திக்கலாம்."

"தப்புன்னு இல்ல மேடம். மல மேல யாரும் சொவத்துல சாய மாட்டோம், கல்லு அவ்ளோ சில்லுனு இருக்கும். அப்புறம்..." என்று நிறுத்தினான். "டம்ளர அவன் இப்பிடிப் புடிக்கல."

"எடது கையாலதானே புடிப்பான்?" என்றார் அக்கா.

"முன்னாடி அப்பிடித்தாம்மா."

முன்னாடி என்ற சொல்லை அக்கா விடவில்லை. பின்னாடி என்ன ஆச்சு என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அக்காவின் மகன் தன்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டதாகச் சொன்னான். அவனே இல்லை, இனிமேல் எந்த வாக்கு மக்களே என்று அக்கா கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

அக்கா மகனின் கடைசிக் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போனவன் டின் மூடியைத் திருகுவதற்காக ஒரு கையுறையைக் கழற்றினான். எந்தக் கை வசமோ அந்தக் கை. மூடி திறந்துகொண்டு எண்ணெய் விரல்களில் கொட்டியது. அந்தக் குளிரில் மண்ணெண்ணெய் பட்டால் விரல் நிமிஷத்தில் விறைத்துவிடுமாம். மூன்று விரல்கள் போயிற்று என்றுதான் முதலில் பயந்தார்களாம். கீழே முகாமில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அழப்போகிறார் என்று எழுந்தேன். அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் மாறிவிட்டது. வார்டில் அவர் எப்படிப் பேசியிருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எந்த மூணு வெரல்?"

"சுண்டு வெரலு, அதுக்கு அடுத்தது, நடு வெரலு."

"கொப்புளம் வந்துதா?"

"வந்துதும்மா."

"உள்ள தண்ணியா, ரத்தமா?"

"ரெண்டுல தண்ணி. சுண்டு வெரல்ல மட்டும் ரத்தம்."

"அப்போ சுண்டு வெரல்தான் பாடு. நுனி கறுத்துதா?"

"நுனி மட்டும்."

"எடுத்தாங்களா?"

"இல்லம்மா. எது தேறும்னு தானா தெரியட்டும்னு காத்துகினு இருந்தாங்க."

அக்கா தலையை ஆட்டினார். "அதாக்கும் சரி. அவசரப்பட்டு எடுக்கப்பிடாது" என்றார். "தினமும் யாரு கட்டு மாத்துனது?"

"மொதல்ல ஆஸ்பத்திரி ஆளு. அப்புறம் பாதி நாள் நான்தாம்மா. எனக்குச் சரியா வராது. மூணு வெரலையும் ஒண்ணா சுத்திருவேன். அவன் திட்டுவான். எங்கம்மா நர்ஸுடா, பாத்தா ஒன்னக் கொன்னுருவாங்கன்னு சொல்லுவான்."

வெளியே யாரோ முட்டைக்கோஸ் விற்றுக்கொண்டு போனார்கள். பிறகு அக்கா, கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று ஏன் சொன்னான் என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"லீவு இருந்துதும்மா. கட்டோட வந்தா நீங்க பாத்துருவீங்கன்னு அவன்தான் போகல. வெரல் தேறட்டும், ஈஸ்டருக்குப் போறேன்னான்."

ஈஸ்டர் வரும்போது அவன் மண்ணுக்குள் இருந்தான். இது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸ் எனக்கு நினைவிருக்கிறது. பட்டாளம் பெரிதாகப் போய்விட்டதா, அம்மா வேண்டாமா என்று அக்கா போனில் அவனிடம் சண்டை போட்டது மாடி வரைக்கும் கேட்டது. அப்போது அவன் என்ன பதில் சொன்னானோ தெரியாது. திரையில் கழுத்துக்குக் கீழே எதையும் காட்டாமல் இருந்திருப்பான். போனைப் பிடித்திருந்தது வலது கையாக இருக்கும். அந்தப் படங்களை நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் உற்று உற்றுப் பார்த்தோம். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

"அடிச்சு அடிச்சு வலத்துக்கு மாத்தியிருக்கணும் மக்களே. நான் பாவம்னு விட்டுட்டேன்" என்றார் அக்கா. என்னிடம் சொன்னாரா, அவனிடமா, தெரியாது. அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று நான் அதட்டினேன். எனக்குத் தேற்றத் தெரியாது, அதட்டத்தான் தெரியும்.

பிறகு அக்கா அந்தப் பிள்ளையிடம், அப்படியானால் டம்ளரை எப்படிப் பிடித்தான் என்று கேட்டார். அவன் எழுந்தான். அக்கா குடிக்காமல் மூடி வைத்திருந்த, இன்னும் சூடு ஆறாத டீயை எடுத்தான். வலது கையால் டம்ளரைப் பிடித்து, இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதன்மேல் ஒட்டினான். கட்டுப்போட்ட விரல்கள் டம்ளரில் படாமல் இருக்க வேண்டுமே, அதனால் அவற்றை விசிறியைப் போல் விலக்கிப் பிடித்தான். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டின. தோள்கள் காதுவரை ஏறின. இரண்டு காலிலும் சமமாகப் பாரம். குனிந்து, ஆவி முகத்தில் படும்படி நின்றான்.

"இப்பிடித்தாம்மா நிப்பான். குடிக்கவே மாட்டான். ஆவி புடிச்சிகினே இருப்பான், ஆறிப்போற வரைக்கும்."

நான் படம் எடுக்க வேண்டியவள். போன் கையில்தான் இருந்தது. கை எழும்பவில்லை. இரண்டு காலிலும் சமமாக யாரும் நிற்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். குளிரில் நிற்பவர்கள் நிற்பார்கள் போல.

அவன் டம்ளரைக் கீழே வைக்கப் போனான்.

"வைக்காண்டாம் மக்களே. கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லு" என்றார் அக்கா.

அவன் நின்றான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையிலிருந்து கால்வரை, மறுபடி காலிலிருந்து தலைவரை. அவனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. டீயிலிருந்து ஆவி வருவது நின்றது. அப்போதும் அவன் அசையவில்லை. போதும் என்று அக்காவாகச் சொன்ன பிறகுதான் டம்ளரை வைத்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியை எடுத்துக்கொண்டு, இருவரின் காலையும் தொட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கே நான் கேட்டேன், அக்கா என்ன செய்யட்டும், இப்படியே விட்டுவிடவா என்று. சமையலறை வாசலில் நின்றவனும் அவன்தானே. எது வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சுவரில் சாய்ந்து நின்றவனை எடுத்துப் பார்த்தார்.

"இது வீட்டுல நின்னவன். இவன நான் பாத்துருக்கேன்" என்றார். "நான் பாக்காதவன செய்யி."

அவர் கண்ணெதிரில் அறுக்க எனக்கு மனசு வரவில்லை. மாடிக்குக் கொண்டுபோய், சுவரை விட்டுப் பிரித்து, கால்களை அறுத்து நேராக நிறுத்தினேன். அழுதுகொண்டே அறுத்தேன். சின்ன ரம்பம் விரலில் பட்டு ரத்தம் வந்தது. தோளை உயர்த்தி, கைகளைப் புதிதாகப் புட்டியில் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் சேர்த்தேன். இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் விலக்கினேன். பிறகு கட்டு. துணி வேண்டிய இடத்தில் நாங்கள் டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்துச் சுற்றுவோம். காகிதத்தை நூல் அகலத்துக்கு வெட்டி வைத்திருந்த அன்று காலை, குளிருக்குச் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அக்கா படியேறி வந்தார்.

"கட்டு நான் போடுகேன்" என்றார்.

கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். பால்கனி வெயிலில் உட்கார்ந்தார். என்னுடைய பூதக்கண்ணாடி விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தக் கை மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். இடுக்கியால் காகிதத்தை எடுத்து, முதலில் விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு துண்டு வைத்தார். சேர்த்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி ரணமாகும் என்று எனக்குச் சொன்னார். பிறகு சுண்டு விரல், அதற்கடுத்தது, நடுவிரல் என்று தனித்தனியாகச் சுற்றி, குறுக்கே கொண்டுபோய் மணிக்கட்டில் முடித்தார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் அவர் இடுக்கியை வைத்துவிட்டு, சுற்றியது இறுக்கமா என்று சுண்டு விரல் நுனியை நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"வலிக்கா மக்களே?" என்று கேட்டார்.

என்னை அல்ல.